சங்கத்துக்குள் நடந்தால் யாரிடம் சொல்வது? துன்புறுத்தல், பாகுபாடு, ஒழுங்கீனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காயர், திரைக்கலைஞர் என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் அதற்கொரு சங்கம் உண்டு. ஆண்டு மாநாடு, தேர்தல், வாட்ஸ்அப் குழு, மூத்தவருக்குப் பொன்னாடை எல்லாம் தவறாமல் நடக்கும். ஆனால் ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரிடம் தவறாக நடந்துகொண்டால் என்ன செய்வது என்று கேட்டால், பெரும்பாலான சங்கங்களில் செயலாளர் தலைவரைப் பார்ப்பார், தலைவர் மின்விசிறியைப் பார்ப்பார். விசாரணைக் குழுக்களில் வெளி உறுப்பினராக அமர்ந்த ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் சங்கத்துக்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'பணியிடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் சங்கமும் அறக்கட்டளையும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. எனவே சங்க அலுவலகத்தில் மேலாளர், கணக்கர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் என்று 10 பேர் வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு அமைப்பது கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பளம் வாங்காத தன்னார்வலரும் பயிற்சிக்கு வந்தவரும்கூட இந்தச் சட்டத்தின் கண்ணில் ஊழியர்களே. 10 பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். புகார் சங்கத்தை நடத்துபவர் மீதே என்றாலும் அங்கேதான் போக வேண்டும்.

மீதிப் பாதிதான் தலைவலி. உறுப்பினருக்கு உறுப்பினர் முதலாளி இல்லை, சங்கமும் முதலாளி இல்லை. மாநாட்டு விருந்தில் ஒரு மூத்தவர் ஒரு இளையவரிடம் அத்துமீறினால், இருவருக்கும் சம்பளம் தருபவர்கள் வேறு வேறு. சிலருக்குச் சம்பளம் தர யாருமே இல்லை, சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள். 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் வழக்கறிஞர்கள் விஷயத்தில் இதையே சொன்னது. வழக்கறிஞருக்கும், அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலுக்கும் இடையில் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை. ஆகவே ஒரு வழக்கறிஞர் மீது இன்னொரு வழக்கறிஞர் தரும் புகாரை இந்தச் சட்டத்தின்படி பார் கவுன்சில் குழு விசாரிக்க முடியாது, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி தொழில் ஒழுங்கீனமாகப் புகார் தரலாம் என்பது தீர்ப்பு.

அப்படியானால் சங்கம் கையை விரித்துவிடலாமா?

விரிக்க முடியாது. 2012 அக்டோபரில், மேதா கோத்வால் லேலே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நாட்டிலுள்ள எல்லா வழக்கறிஞர் சங்கங்களும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா நெறிமுறைகளைப் பின்பற்றுவதை இந்திய பார் கவுன்சில் உறுதிசெய்ய வேண்டும். மருத்துவர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர் ஆகியோரின் அமைப்புகளும் தங்களோடு இணைந்த சங்கங்களை அப்படியே பின்பற்றச் செய்ய வேண்டும். விசாகா என்பது 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவிக்கு 1992இல் நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்தது. அவரும் வழக்கமான பொருளில் 'ஊழியர்' இல்லை, அரசுத் திட்டத்தில் மதிப்பூதியத்துக்கு வேலை செய்தவர். இதை நம் சங்கத்துக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

2023 மே மாதம் கோவா பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே கவலையைச் சொன்னது. 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16இல் புகார்க் குழுவே இல்லை என்ற செய்தியைத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் முதலிய தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளில் குழுக்கள் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும் உத்தரவிட்டது.

சட்டம் எட்டாத இடத்தைச் சங்கத்தின் சொந்த விதியான துணைவிதிதான் எட்ட வேண்டும். சங்கத்தில் சேரும்போது 'விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்' என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த விதிகளில் துன்புறுத்தல், பாகுபாடு, பழிவாங்கல் ஆகியவை ஒழுங்கீனம் என்று எழுதியிருந்தால் முதலாளி யார் என்ற கேள்வியே எழாது. எழுதாவிட்டால், புகார் வந்த பிறகு அவசரப் பொதுக்குழுவில் எழுதி, நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டுத் தண்டிக்க முடியாது. அதனால் யார் மீதும் புகார் இல்லாத ஆண்டில் திருத்துங்கள். சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்கிறபடி சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடுங்கள். தீர்மானம் மினிட் புத்தகத்தில் தூங்கினால் அது விதியாகாது.

எதெல்லாம் துன்புறுத்தல்? கேலி பேசினாலும் குற்றமா?

தொடுவது, பாலுறவுக்கு அழைப்பது, ஆபாசப் படம் காட்டுவது, பாலியல் சாயலுள்ள பேச்சு, விரும்பத்தகாத வேறெந்தப் பாலியல் நடத்தையும் சட்டத்தின் விளக்கத்தில் வருகின்றன. அளவுகோல் எதிரில் இருந்தவர் அதை விரும்பினாரா என்பது. 'நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்' என்பது பதில் ஆகாது. சட்டத்தின் விளக்கத்தில் நோக்கம் பற்றிய சொல்லே இல்லை.

சங்கத்துக்கே உரிய வடிவங்கள் சில இருக்கின்றன. கட்டுரை வாசிக்க வாய்ப்புத் தருகிறேன், என் அறைக்கு வந்து பேசலாம் என்பது. மாநாட்டுக்கு வந்த பெண்ணை அவரைக் கேட்காமலே வரவேற்புக் குழுவில் போட்டு, குத்துவிளக்கு ஏற்றவும் பூங்கொத்து கொடுக்கவும் மட்டும் மேடைக்கு அழைப்பது. நள்ளிரவில் 'சாப்பிட்டாச்சா' என்று தொடங்கும் செய்திகள். இரண்டாவதை யாரும் புகாராகக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ஆனால் முதலாவதும் மூன்றாவதும் நடக்கும் சங்கங்களில் அது கட்டாயம் நடந்துகொண்டிருக்கிறது.

சாதி பார்ப்பதை எப்படிப் புகாராக்குவது? யாரும் நேராகச் சொல்வதில்லையே?

உண்மை. 'தம்பிக்கு எந்த ஊர்?' என்று தொடங்கி, 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று நகர்ந்து, அப்பா பெயரில் வந்து நிற்கும் விசாரணையைத் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பதில் கிடைத்த பிறகு குரல் மாறுவதும் தெரியும். இதை ஒற்றைச் சம்பவமாகப் புகார் செய்தால் 'ஊர் கேட்டது தப்பா?' என்பார்கள். ஆகவே தொடராகக் காட்ட வேண்டும். எந்தெந்தக் குழுக்களுக்கு யார் யார் நியமிக்கப்பட்டார்கள், உங்கள் விண்ணப்பம் எத்தனை முறை எந்தக் காரணம் சொல்லித் தள்ளப்பட்டது, அதே தகுதியுள்ள மற்றவருக்கு என்ன ஆயிற்று என்று தேதியோடு எழுதுங்கள். ஒழுங்கான விசாரணைக் குழு என்றால் அந்த ஆண்டுகளின் நியமனப் பட்டியலைச் சங்கத்திடமிருந்து வாங்கிப் பார்க்கும்.

பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிறர் காதுபடச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது சங்க விவகாரத்தோடு நிற்காது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. மாடிப்படி மட்டுமே உள்ள அரங்கில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவதும் பாகுபாடுதான்.

ஆண்கள் புகார் கொடுக்கலாமா?

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண் மட்டுமே கொடுக்க முடியும். உங்கள் துணைவிதிக்கு அந்த வரம்பு இல்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் மாணவர், மாணவியர், மூன்றாம் பாலினத்தவர் எல்லாரையும் காக்கின்றன. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்குள் புகார் தர வேண்டும்?

சட்டப்படி, கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதம். காரணம் சரியாக இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. இந்தக் கணக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு மேற்கு வங்கத்தில் ஒரு வழக்கு சாட்சி. துணைவேந்தர் மீது பேராசிரியர் கொடுத்த புகார் காலம் கடந்தது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் தன்விவரக் குறிப்பில் சேர்த்தாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

சங்கத்தின் சொந்த விதிக்கு இந்த 3 மாதத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். சங்க உறுப்பினர்கள் சந்திப்பதே ஆண்டுக்கு ஒருமுறை. குறைந்தது 3 ஆண்டாவது வையுங்கள் என்பது என் கருத்து.

சாட்சி இல்லை, ஆதாரம் இல்லை. புகார் தரலாமா?

தரலாம். இத்தகைய செயல்களைச் சாட்சி வைத்துக்கொண்டு யாரும் செய்வதில்லை. அன்றிரவு தோழிக்கு அனுப்பிய செய்தி, மறுநாள் காலை அவசரமாக மாற்றிய ரயில் டிக்கெட், அதற்குப் பிறகு அந்தக் குழுவிலிருந்து விலகிய கடிதம், இவையெல்லாம் சூழ்நிலைச் சான்றுகள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மூலச் செய்தியை அழிக்காதீர்கள். நினைவில் உள்ளதை இன்றே ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். தெளிவாக நினைவில்லாத இடத்தில் 'தெளிவாக நினைவில்லை' என்றே எழுதுங்கள். இட்டு நிரப்பிய ஒரு விவரம் பொய்யென்று தெரிந்தால் மற்ற 9 உண்மைகளும் சேர்ந்து சரியும். இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என்மீது நடவடிக்கை வருமா?

வராது. நிரூபிக்க முடியாமை வேறு, பொய் வேறு என்று சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. தீய நோக்கம் இருந்ததென்று தனியே விசாரித்து நிறுவினால்தான் நடவடிக்கை. அவதூறு வழக்குப் போடுவேன் என்ற மிரட்டல் வழக்கமாக வரும். உரிய அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு குற்றச்சாட்டுச் சொல்வது அவதூறு ஆகாது என்ற விதிவிலக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் புகாரை முறையான குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள், நகலுக்கு ஒப்புகை வாங்குங்கள்.

தலைவர் மீதே புகார். குழுவை நியமித்தவரும் அவர்தான். என்ன செய்வது?

மிக அதிகம் கேட்கப்படுவது இதுதான். புகார் தருபவர் சங்க ஊழியர் என்றால் மேலே சொன்ன உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. உறுப்பினர் என்றால் சங்கம்தான் விசாரிக்க வேண்டும். 1969இல் க்ரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தேர்வையே ரத்து செய்தது. ஜம்மு காஷ்மீர் வனத்துறை அதிகாரி ஒருவர் தேர்வுக் குழுவிலும் இருந்தார், தேர்வுக்கான பட்டியலிலும் இருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார். அது போதாது என்றது நீதிமன்றம். அந்த அறையில் அவர் இருந்ததே மற்றவர்களின் மனத்தைச் சாய்த்திருக்கும்.

சங்கங்களில் 'தலைவர் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை' என்று மினிட்டில் எழுதிவிட்டு, பக்கத்து அறையில் அவரோடு காபி குடிப்பார்கள். அது விலகல் ஆகாது. விசாரணை முடியும்வரை அவர் பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும். கோப்பு, மின்னஞ்சல், அலுவலக ஊழியர் எதையும் அவர் தொடக்கூடாது. குழுவில் வெளியார் அதிகமாக இருக்க வேண்டும். அந்த வெளியாரும் அதே தொழிலில் நாளை அவரிடம் பரிந்துரை கேட்டு நிற்கக்கூடியவராக இருக்கக்கூடாது. வேறு தொழிலிலிருந்து, முடிந்தால் வேறு ஊரிலிருந்து அழைத்து வாருங்கள். பயணச் செலவைச் சங்கம் கொடுக்கட்டும். மாநாட்டு மேடை அலங்காரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

'நம் குடும்பம் மாதிரி, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

சமரசம் புகார் தந்தவர் தானாகக் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். மன்னிப்பா, பதவி விலகலா, இனித் தொடர்பு கொள்ளாமலிருப்பதா என்று அதில் இருக்கட்டும். பெரியவர்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து 'அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் அம்மா' என்று சொல்வது சமரசமல்ல, நெருக்குதல். குடும்பங்களில் இப்படித்தான் தீர்க்கிறோம் என்பது உண்மைதான். அங்கே எது தீர்ந்திருக்கிறது என்றும் யோசிக்கலாம்.

குற்றம் வெட்டவெளிச்சம். உடனே நீக்கிவிட்டால் என்ன?

புகார் தந்தவருக்குச் செய்யும் மிகப் பெரிய துரோகம் அது. மேலே சொன்ன கோவா வழக்கில் பல்கலைக்கழகக் குழு விசாரணையை அவசர அவசரமாக நடத்தி முடித்து, ஆசிரியரைப் பணிநீக்கமும் செய்தாகிவிட்டது. பதில் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பழைய கட்டத்திலிருந்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. புகார் 2009ஆம் ஆண்டுக்குரியது, தீர்ப்பு வந்தது 2023இல். புகார் கொடுத்த மாணவிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உறுப்பினரை நீக்குவது பற்றி 1960களின் தொடக்கத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. பெல்காமில் ஃபிரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கூடம் ஒன்று தன் உறுப்பினரை வெளியேற்றிய வழக்கு அது. சங்கம் தன் விதிகளைக் கறாராகப் பின்பற்ற வேண்டும், நல்லெண்ணத்தோடும் இயற்கை நீதிப்படியும் நடக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நடைமுறையில் இதற்குப் பொருள் எளியது. புகாரின் நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுங்கள். பதில் சொல்ல நாள் கொடுங்கள். சட்ட விதிகளின்படி 10 வேலைநாள். சாட்சிகளைக் கேட்க வாய்ப்புக் கொடுங்கள், நேருக்கு நேர் நிறுத்தாமல் எழுத்துக் கேள்விகளாகவும் கேட்கலாம். விசாரணையை 90 நாளில் முடியுங்கள். குழுவின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதியில்லை.

இடைக்காலத்தில் என்ன செய்யலாம் என்றால், இருவரும் ஒரே மேடையில், ஒரே விடுதியில், ஒரே குழுவில் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். விலக வேண்டியவர் யார் என்பதில் மட்டும் கவனம். 'உங்கள் பாதுகாப்புக்காக இந்த மாநாட்டுக்கு வராதீர்கள்' என்று புகார் தந்தவருக்கே சொன்ன சங்கம் ஒன்றை எனக்குத் தெரியும்.

காவல் துறைக்குப் போனால் சங்கம் விசாரணையை நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனிப் பாதைகள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கு, 78 பின்தொடர்வதற்கு, 79 பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் உரியவை. 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் விருப்பம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளி மாணவர்களைத் தொண்டர்களாக நிறுத்தும் சங்கங்கள் இதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஊடகத்திடம் பேசக்கூடாது என்று சங்கம் சொல்லலாமா?

விசாரணையின் உள்ளடக்கத்தையும் பெயர்களையும் வெளியிடக்கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. அது புகார் தந்தவரைக் காக்க வந்த விதி. அதையே வாய்ப்பூட்டாகத் திருப்பும்போதுதான் சிக்கல்.

கேரளத் திரைத்துறையில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் அரசின் கைக்குப் போய், 2024 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. வந்த சில நாட்களில் அங்குள்ள நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழு மொத்தமாகப் பதவி விலகியது. அடுத்த மாதமே தென்னிந்திய நடிகர் சங்கம், குற்றம் உறுதியானால் 5 ஆண்டு திரைத்துறையில் பணியாற்றத் தடை என்று தீர்மானம் போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் ஊடகத்துக்குப் போகாமல் முதலில் குழுவிடம் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. முதல் பகுதியை வரவேற்கிறேன். இரண்டாவதைக் கேட்டுப் பெற முடியாது, நம்பிக்கை வந்தால் அவர்களே வருவார்கள்.

விருதைத் திரும்பப் பெறலாமா? உரிமத்தை ரத்து செய்யலாமா?

உரிமம் சங்கத்தின் கையில் இல்லை. மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில், வழக்கறிஞர் என்றால் மாநில பார் கவுன்சில். விசாரணை அறிக்கையைச் சங்கம் அங்கே அனுப்பலாம். விருது, கௌரவ உறுப்பினர் பட்டம், மேடை, வாக்குரிமை, பதவி ஆகியவை சங்கம் கொடுத்தவை, விதியில் இருந்தால் சங்கமே எடுக்கலாம்.

அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2017இல் துன்புறுத்தல், பாகுபாடு, மிரட்டல் ஆகியவற்றை அறிவியல் ஒழுங்கீனம் என்றே வரையறுத்தது. தரவைத் திரிப்பதும் மாணவியைத் துன்புறுத்துவதும் ஒரே தட்டில் வந்தன. அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினர் பதவி ஆயுளுக்கும் உரியது, நீக்க விதியே இருந்ததில்லை. 2019இல் விதியைத் திருத்தி, 2021இல் முதன்முறையாக ஒரு வானியலாளரை நீக்கினார்கள். அவர்மீதான பல்கலைக்கழக விசாரணை முடிவு வெளியே தெரிந்தது 2015இல். இடைப்பட்ட 6 ஆண்டும் அவர் உறுப்பினராகவே இருந்தார், ஏனென்றால் விதி தயாராக இல்லை.

தண்டனை முடிந்து அவர் திரும்பி வருகிறார். எப்படி நடத்துவது?

உறுப்பினராக வரட்டும். பொன்னாடை வேண்டாம். மாணவர் வழிகாட்டிக் குழு, விருதுக் குழு, தங்குமிட ஏற்பாட்டுக் குழு ஆகியவற்றில் சேர்ப்பதைத் தண்டனை உத்தரவிலேயே தனியாகத் தடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'காலம் முடிந்துவிட்டதே' என்பார்கள். அவர் கலந்துகொள்ளும் முதல் கூட்டத்துக்கு முன்பு புகார் தந்தவருக்குச் செயலாளர் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்து, இன்ன நாளில் அவர் வருகிறார் என்று சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழில் பெயர் பார்த்துப் புகார் தந்தவர் தெரிந்துகொள்ளக் கூடாது.